சிவப்பு ஆயிலும் சின்ன பாட்டிலும்



பொன்முடி மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக வர வேண்டும். ஆறு முழுக்க உருண்டைக் கற்கள். அதனால்தான் கல்லாறு. தமிழிலும் இதே பெயர். மலையாளத்திலும் இதே பெயர். நீலகிரி அடிவாரத்திலும் ஒரு கல்லாறு உண்டு. ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறத் தொடங்குவது அங்கேதான். இரண்டு கல்லாறும் மலையடி ஊர்கள். ஏறுகிறவர்களுக்குச் சோதனை தொடங்கும் இடங்கள்.

பொன்முடிக் கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏற 22, இறங்க 22. ஆக 44 முறை ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். கொல்லிமலைக்கு 70 வளைவு, வால்பாறைக்கு 40 வளைவு ஏறியவர்களுக்கு இது பெரிய கணக்கு இல்லை என்று தோன்றலாம். ஆனால் லோடு ஏற்றிய லாரிக்கு ஒரு வளைவும் சின்ன வளைவு இல்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் நல்ல டிரைவர் என்ன செய்கிறார்? டயரைத் தட்டிப் பார்க்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறார். என்ஜின் ஆயில் பார்க்கிறார். பிரேக் பிடித்துப் பார்க்கிறார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார். எலுமிச்சம்பழத்தால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். ஆயில் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்குகிறார்கள். மூடியைத் திறந்து அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். கசிவு நிற்கும், சத்தம் நிற்கும், சூடு குறையும், கியர் வெண்ணெய் போல விழும் என்று பாட்டிலின் மேல் எழுதியிருக்கிறது. இதற்குக் கடையில் ‘அடிட்டிவ்’ என்று பெயர். தமிழில் சேர்மானம் என்று சொல்லலாம்.

இந்தச் சேர்மானத்தைச் சிவப்பு ஆயிலில் ஊற்றலாமா? வண்டி செய்த நிறுவனம் சொல்லாமல் ஊற்ற வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், சிவப்பு ஆயில் என்பது எது? அதன் பெயர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட். சுருக்கமாக ஏ.டி.எஃப். தானாகக் கியர் மாறும் வண்டிகளுக்காகச் செய்த ஆயில் இது. மற்ற ஆயிலோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக இதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். சாயத்துக்கு வேறு வேலை இல்லை.

“எங்கள் லாரியில் கியரைக் கையால்தானே போடுகிறோம்? எங்களுக்கு எதற்கு இந்த ஆயில்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையால் கியர் போடும் லாரியின் கியர் பெட்டியில் பெரும்பாலும் கெட்டியான கியர் ஆயில்தான் இருக்கும். ஆனால் பவர் ஸ்டீயரிங்கைப் பாருங்கள். அதன் டப்பாவைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் சிவப்பு ஆயில் இருக்கும். இந்தியாவில் ஓடும் ஏராளமான லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றுவது இந்த ஏ.டி.எஃப்.தான். இந்தியன் ஆயில் விற்கும் ‘சர்வோ டிரான்ஸ்ஃபுளூயிட் ஏ’ இந்த வகை ஆயில்.

தானாகக் கியர் மாறும் பெரிய வண்டிகளும் நம் நாட்டில் உண்டு. சுரங்கத்தில் மண் அள்ளிப் போகும் ராட்சத டம்பர்களில் இந்தக் கியர் உண்டு. திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஓடிய வோல்வோ தாழ்தளப் பேருந்துகளிலும் இதுதான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் அலிசன் என்ற அமெரிக்க நிறுவனம் 2010-இல் தொழிற்சாலை திறந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி செய்வதுதான் அந்த நிறுவனத்தின் தொழில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் சில லாரிகளில் கிளட்ச் மிதி இல்லை. கியர் தானாக விழுகிறது. அதைப் பார்த்ததும் “இது ஆட்டோமேட்டிக், சிவப்பு ஆயில் ஊற்று” என்று சொல்லிவிடக் கூடாது. அவற்றில் பல ஏ.எம்.டி. வகை. உள்ளே இருப்பது பழைய கியர் பெட்டியேதான். கைக்குப் பதிலாக ஒரு இயந்திரம் கியரை மாற்றுகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் வேண்டும். மிதி எத்தனை என்று எண்ணி ஆயில் ஊற்றக் கூடாது. வண்டிக் கையேட்டைப் பார்த்து ஊற்ற வேண்டும்.

சரி, ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் இந்த ஆயில் என்ன செய்கிறது? இரண்டு மேசை ஃபேன்களை எதிரெதிரே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அதன் காற்று பட்டு மற்ற ஃபேனும் சுற்றும். ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இதே வேலைதான் நடக்கிறது. காற்றுக்குப் பதில் ஆயில். என்ஜின் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆயில் பாய்ந்து மற்ற சக்கரத்தைச் சுற்றுகிறது. பல டன் எடையை முதலில் நகர்த்துவது அந்த ஆயில்தான்.

அதோடு வேலை முடியவில்லை. உள்ளே வட்ட வட்டமாகக் கிளட்ச் தட்டுகள் அடுக்கி இருக்கின்றன. அவற்றின் மேல் ஒட்டியிருப்பது ஒருவகைக் காகிதம்! பிசினில் ஊறி இறுகிய கெட்டிக் காகிதம். எப்போதும் ஆயிலில் நனைந்தே இருக்கும். கியர் மாறும்போது இந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். சேரும் அந்த ஒரு நொடியில் கொஞ்சம் வழுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி வெட்டும். சேர்ந்த பிறகு வழுக்கவே கூடாது. வழுக்கினால் தட்டு கருகும்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புரியும். வாளியை இறக்கும்போது கயிறு கையில் வழுக்கிப் போக வேண்டும். இழுக்கும்போது கையில் நிற்க வேண்டும். கயிறு ஒன்றுதான், கை ஒன்றுதான். இரண்டு வேலையும் நடக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தண்ணீர் இறைத்தால் என்ன ஆகும்? வாளி கிணற்றுக்குள் போய்விடும்.

ஏ.டி.எஃப். இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. சூட்டையும் சுமந்து வெளியே கொண்டுபோகிறது. ரப்பர் சீல்களைக் காய்ந்து சுருங்காமல் வைக்கிறது. நுரையை அடக்குகிறது. துருவைத் தடுக்கிறது. வெறும் எண்ணெயால் இத்தனையும் முடியாது. அதனால் தொழிற்சாலையிலேயே பல சேர்மானங்களைக் கலந்துதான் விற்கிறார்கள். பொதுவாக நூறு பங்கு ஆயிலில் பத்து முதல் இருபது பங்கு வரை சேர்மானமே இருக்கும். மீதி அடிப்படை எண்ணெய். பூமியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அடிப்படையாக இருந்தால் அது சாதாரண ஏ.டி.எஃப். ரசாயன முறையில் செய்த எண்ணெய் என்றால் சிந்தெட்டிக். சிந்தெட்டிக் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், நாள்பட உழைக்கும். விலையும் கூட.

ஆக, பாட்டில் ஊற்றுகிறவர் சேர்மானம் இல்லாத ஆயிலில் ஊற்றவில்லை. உப்பும் புளியும் அளவாகப் போட்டுக் கொதித்து இறக்கிய குழம்பில் இன்னும் ஒரு கை உப்பைப் போடுகிறார்.

இந்த அளவு எவ்வளவு நுட்பமானது? உலகத்தில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். கடலிலிருந்து தொடங்கும் கதை.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் காரில் ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தது. அதற்கென்று தனி ஆயில் விதி 1949-இல் வந்தது. அதன் பெயர் ‘டைப் ஏ’. 1957-இல் அதைத் திருத்தி ‘டைப் ஏ சஃபிக்ஸ் ஏ’ என்று ஆக்கினார்கள். பிறகு ‘டெக்ஸ்ரான்’ வந்தது. தட்டுகள் வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்கி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்க அந்தக் காலத்து ஆயிலில் எதைச் சேர்த்தார்கள் தெரியுமா? திமிங்கில எண்ணெய்! ஸ்பெர்ம் திமிங்கிலம் என்ற பெரிய திமிங்கிலத்தின் தலையில் மெழுகு போன்ற ஓர் எண்ணெய் இருக்கும். அதைத்தான் சேர்த்தார்கள். கார் கியர் மாறுவதற்காகக் கடலில் திமிங்கிலம் செத்தது.

1970-இல் அமெரிக்க அரசு அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெய்க்கு வழி அடைபட்டது. ஆயில் நிறுவனங்கள் மாற்றுச் சேர்மானம் தேடின. ‘டெக்ஸ்ரான் 2’ என்ற புதிய ஆயில் வந்தது. முதலில் வந்த அந்த ஆயில் கூலரில் உலோகம் பற்றவைத்த இடத்தை அரிக்கத் தொடங்கியது. மறுபடியும் சேர்மானத்தைத் திருத்தி வேறு வகையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

யார் இதைச் செய்தவர்கள்? பெரிய சோதனைக்கூடம் வைத்திருந்தவர்கள். ரசாயனம் படித்தவர்கள் பலரை வேலைக்கு வைத்திருந்தவர்கள். அவர்களே ஒரு சேர்மானத்தை எடுத்து இன்னொன்றை வைத்தபோது வேறொரு இடத்தில் தொல்லை வந்தது. அப்படியிருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத பாட்டிலை ரோட்டோரத்தில் நின்று ஊற்றினால் என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்?

பாட்டிலில் என்னதான் இருக்கிறது? கசிவு நிறுத்தும் பாட்டிலில் ரப்பரை ஊதவைக்கும் திரவம் இருக்கும். காய்ந்து சுருங்கிய சீல் ஊதினால் கசிவு கொஞ்ச நாள் நிற்கும். இது உண்மைதான், பொய் இல்லை. ஆனால் ஊதுவது அங்கேயே நிற்காது. கசியாத நல்ல சீலும் சேர்ந்து ஊதும். ஊறிப்போன சீல் மெத்தென்று ஆகி ஒரு நாள் பிய்ந்துவிடும். கிழிந்த சீலையோ, வெடித்த குழாயையோ எந்த பாட்டிலும் தைத்துக் கொடுக்காது.

வழுவழுப்புத் தரும் பாட்டில் இன்னொரு வகை. ஆட்டோமேட்டிக் பெட்டியில் அதை ஊற்றினால் கியர் மெத்தென்று விழுவது போல இருக்கும். கிணற்றுக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? ஏற்றத்தில், முழு லோடில், தட்டு பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கும். என்ஜின் கத்தும், வண்டி ஏறாது. சில பாட்டில்களில் டெஃப்ளான் பொடி இருக்கும். தோசைக்கல்லில் ஒட்டாமல் பூசுகிறார்களே, அதே பொருள். தோசைக்கு நல்லது. நுண்ணிய வால்வும் வடிகட்டியும் உள்ள பெட்டியில் பொடி எங்கே போய் அடையும் என்று சொல்ல முடியாது. ஆயிலைக் கெட்டியாக்கும் பாட்டிலும் உண்டு. சத்தம் குறையும். நோயும் வெளியே தெரியாது. ஏ.டி.எஃப். மெல்லிய ஆயிலாக இருப்பது குறையால் அல்ல. சின்னத் துளைகளில் வேகமாக ஓடவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மருந்தின் அளவு பற்றிக் கல்லாற்றுக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா இந்தக் கல்லாற்றுக்காரர்தான். எந்த வைத்தியரும் நோய் என்ன என்று கேட்ட பிறகுதான் இலையைப் பறிப்பார். பாட்டில் விற்பவர் நோயைக் கேட்பதில்லை.

ஒரு டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு பொன்முடிக்குப் போக வேண்டும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் பம்பு முனகுகிறது. பட்டறையில் வண்டியை நிறுத்துகிறார்.

“அண்ணாச்சி, ஒடிச்சா முனங்குது. ஒரு பாட்டில் ஊத்தினா சரியாப் போகும்னு கடையில சொன்னாங்க. ஊத்தட்டுமா?”

“அவசரப்படாத தம்பி. மூடியைத் திற. ஆயில் எங்க நிக்குது?”

“கோட்டுக்குக் கீழ கிடக்கு அண்ணாச்சி.”

“நுரை இருக்கா?”

“மேலெல்லாம் நுரைதான்.”

“ஆயில் குறைஞ்சா பம்பு காத்தை இழுக்கும். காத்து போனா நுரைக்கும், முனங்கும். அது சரி, குறைஞ்ச ஆயில் எங்க போச்சு? குனிஞ்சு பாரு.”

டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறார். ஆயில் திரும்பி வரும் ஹோஸில் கிளிப் தளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் தூசியும் சிவப்பு ஈரமும் அப்பியிருக்கின்றன.

“ஹோஸ் வாயில கசியுது அண்ணாச்சி.”

“கிளிப்பை மாத்து. உள்ள இருக்கிற அதே வகை ஆயிலைக் கோடு வரைக்கும் ஊத்து. என்ஜினை ஓடவிட்டு ரெண்டு பக்கமும் மெதுவா ஒடி, காத்து வெளிய வரட்டும். பாட்டிலை ஊத்தியிருந்தா கோடு நிறைஞ்சிருக்கும், சத்தமும் நின்னிருக்கும். நீயும் சந்தோஷமா ஏறியிருப்ப. பத்தாவது வளைவுல ஹோஸ் கழண்டிருக்கும்.”

ஹோஸ் கழன்றால் என்ன ஆகும்? ஸ்டீயரிங் அறுந்துபோகாது. ஆனால் கல்லாகிவிடும். இரண்டு கையாலும் தொங்கினாலும் லோடு லாரி கொண்டை ஊசி வளைவில் சட்டென்று திரும்பாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எதிரே சுற்றுலாப் பயணிகளின் பஸ். சத்தம் என்பது வண்டி பேசும் பேச்சு. அதன் வாயை அடைக்கும் பாட்டிலுக்குக் காசு கொடுக்கக் கூடாது.

மலை ரோட்டில் இந்த ஆயிலுக்கு முதல் எதிரி சூடு. ஆயில் சூடாகி மூப்படைவதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூடு ஏறும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். சூட்டைக் குறைக்க பாட்டில் வேண்டாம், கை போதும். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் பம்பு அடைபட்ட வழியில் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் வேகமாகச் சூடேறும். கடைசியைத் தொட்டதும் ஒரு இழை திருப்பிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஒடிக்காதீர்கள். கொஞ்சம் உருளவிட்டு ஒடியுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியே வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள். கூலரில் ஒட்டிய சேற்றையும் சருகையும் கழுவுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போட்டு இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டுவது எந்த வண்டிக்கும் ஆகாது.

சேர்மானம் எப்போதுமே கூடாதா? அப்படிச் சொன்னால் அது நேர்மை இல்லை. சில பெட்டிகளுக்கு வண்டி நிறுவனமே ஒரு சேர்மானத்தைச் சொல்கிறது. அதற்குத் தனி பார்ட் நம்பர் இருக்கும். கையேட்டில் எழுதியிருக்கும். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்றும் இருக்கும். அப்போது ஊற்றலாம். விற்கப் போகும் பழைய வண்டியில் சீல் கொஞ்சம் வியர்க்கிறது, பெட்டியை இறக்கிப் பிரித்தால் வண்டி விலையில் பாதி போய்விடும் என்ற நிலையில் சிலர் தெரிந்தே சீல் பாட்டிலை ஊற்றுகிறார்கள். அது கொஞ்ச நாளைக்குத் தவணை வாங்குவது. கடன் அடைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அந்த வண்டியோடு மலை ஏறுவது அதைவிடத் தப்பு. வாங்க வருகிறவரிடம் சொல்லாமல் விற்பதும் தப்புதான்.

விளம்பரத்தை நம்பி ஏமாறுவது படிக்காதவர்கள் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ‘ஸ்லிக் 50’ என்ற என்ஜின் சேர்மானம் டெலிவிஷன் விளம்பரத்தோடு அமோகமாக விற்றது. தேய்மானம் குறையும் என்று சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 1997-இல் அந்த விளம்பரங்களைக் கைவிட விற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் எத்தனையோ படித்தவர்கள் காசு கொடுத்து வாங்கி ஊற்றியிருந்தார்கள்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்தைக் குற்றமாக வைத்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் சொல்லக் கையில் பில் வேண்டும். ஆயில் வாங்கினாலும் பில் கேளுங்கள். போலி ஆயில் டின்னும் சந்தையில் உண்டு. மூடியில் சீல் உடைந்திருந்தால் வாங்காதீர்கள்.

டின்னை எப்படிப் படிப்பது? பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். படத்தையும் பார்க்காதீர்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். ‘டைப் ஏ’, ‘டெக்ஸ்ரான் 2’, ‘டெக்ஸ்ரான் 3’ என்று ஏதாவது இருக்கும். அலிசன் பெட்டி என்றால் ‘டி.இ.எஸ். 389’ அல்லது ‘டி.இ.எஸ். 295’ என்று இருக்கலாம். முதலாவது சாதாரண எண்ணெய்க்கான விதி. இரண்டாவது சிந்தெட்டிக் ஆயிலுக்கானது. இந்த எழுத்துகள் இங்கிலீஷில்தான் இருக்கும். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பயம் இல்லை. வண்டிக் கையேட்டில் உள்ள அதே வரியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ரேஷன் கார்டு நம்பரை ஒத்துப் பார்ப்பது போலத்தான். ஒரு எழுத்து மாறினாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். சாதாரண ஆயிலையும் சிந்தெட்டிக்கையும் கலக்க நேர்ந்தால் சாதாரண ஆயிலுக்குச் சொன்ன குறைந்த கெடுவிலேயே மாற்றிவிட வேண்டும். பாட்டிலுக்கு வைத்த காசை இதில் போடலாம்.

அளவு பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. சமதளத்தில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் டப்பாவில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவே நிற்க வேண்டும். ஆட்டோமேட்டிக் பெட்டி என்றால் பொதுவாக வண்டி ஓடிச் சூடான பிறகு, என்ஜின் ஓடும்போது, நியூட்ரலில், கை பிரேக் போட்டுக் குச்சியை எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் வண்டிக்கு வேறு முறை இருந்தால் கையேடு சொல்லும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் சுற்றும் பாகங்கள் ஆயிலை மோர் கடைவது போலக் கடையும். நுரை வரும், சூடு ஏறும். நிறைந்த பெட்டியில் மேலே ஒரு பாட்டில் ஊற்றுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் சரி. பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் தட்டு தேய்கிறது. இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. கூலரைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. தட்டில் இருப்பது காகிதம் என்பது ஞாபகம் இருக்கட்டும். தண்ணீர் பட்டால் காகிதம் என்ன ஆகும்?

இனிச் சொல்லப்போவது உயிர் விஷயம். சிவப்பு ஆயிலில் பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் சீல் ஊதிக் கசிவு நிற்கும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். பிரேக் ஆயில் வேறு இனம். சிவப்பு ஆயில் வேறு இனம். ஒன்றின் ரப்பர் மற்றதைத் தாங்காது. இதைவிட மோசம், பிரேக் ஆயில் டப்பாவில் சிவப்பு ஆயிலையோ இந்த பாட்டில்களையோ ஊற்றுவது. மினி லாரியிலும் ஜீப்பிலும் பிரேக்கே அந்த ஆயிலில்தான் ஓடுகிறது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் கப்புகள் ஊதி மாட்டிக்கொள்ளும். பிரேக் பிடித்தபடி நிற்கும், அல்லது பிடிக்காமலே போகும். பெரிய லாரியில் காற்று பிரேக் இருந்தாலும் கிளட்ச்சுக்கு பிரேக் ஆயில் டப்பா இருக்கலாம். இருட்டில், அவசரத்தில், கிளீனர் தம்பி டப்பா மாறி ஊற்றிவிட வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மூடியிலும் என்ன ஆயில் என்று பெயின்ட்டால் தமிழில் எழுதி வையுங்கள். தப்பாக ஊற்றியது தெரிந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பிரேக்கை மிதித்தும் பார்க்க வேண்டாம். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

ஆயில் மாற்றும்போது இறக்கிய பழைய ஆயிலை என்ன செய்வது? ஆட்டோமேட்டிக் பெட்டி பெரிதென்றால் 20, 30 லிட்டர்கூட வரும். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திக் கழுவுவதும், பிளக்கைத் திறந்து மண்ணில் விடுவதும் மலையடி ஊர்களில் நடக்கிற காரியம்தான். கல்லாற்றுத் தண்ணீர் வாமனபுரம் ஆறாகக் கீழே இறங்குகிறது. வழியில் பல ஊர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. பழைய ஆயில் அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அடுப்பு எரிக்கவோ, பலகைக்குப் பூசவோ கொடுக்காதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்து, மழை படாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் எடுக்க உரிமம் வாங்கியவரிடம் பட்டறை மூலமாகக் கொடுங்கள். அந்தக் கேனின் மேல் ‘பழைய ஆயில்’ என்று பெரிதாக எழுதுங்கள். யாராவது அதையும் எடுத்து ஊற்றிவிடப் போகிறார்கள்.